தகராறு வந்தால் யார் சொல்வது எடுபடும்?

ஒரு தேசியப் பூங்காவை இரண்டு மூன்று அமைப்புகள் சேர்ந்து நிர்வகிக்கப் போகின்றன என்று செய்தி வந்தால், கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. அவர்களுக்குள் ஒத்துவராமல் போனால் என்ன நடக்கும் என்று ஒப்பந்தத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்றுதான் தேடுவேன். அது இல்லையென்றால், பணமும் அதிகாரமும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைத்ததுதான் சட்டம், மற்றவர்கள் பெயர்ப்பலகையில் மட்டும் இருப்பார்கள்.

இதை மிக நேர்மையாகச் செய்த இடம் என்று நான் நினைப்பது கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தின் தென்பகுதியில் இருக்கும் க்வாய் ஹானஸ் பூங்கா. 1985இல் அங்குள்ள லயல் தீவில் மரம் வெட்ட வந்தவர்களை, அந்தத் தீவுகளின் பழங்குடிகளான ஹைடா மக்கள் சாலையை மறித்து நிறுத்தினார்கள், 72 பேர் கைதானார்கள், அவர்களில் வயதான பெரியவர்களும் உண்டு. இரண்டு வருடத்தில் மரம் வெட்டுவது நின்றது. ஆனால் நிலம் யாருடையது என்ற வழக்கு அப்படியே இருந்தது. சட்டப்படி அது முழுத் தேசியப் பூங்காவாக இல்லாமல், உரிமைக் கோரிக்கை தீராத இடங்களுக்கான தேசியப் பூங்கா காப்பகமாக அமைக்கப்பட்டதற்கும் இதுதான் காரணம்.

1993இல் ஹைடா மக்களும் கனடா அரசும் பூங்காவைச் சேர்ந்து நிர்வகிக்க ஒப்பந்தம் போட்டபோது இந்தக் கேள்வியை அவர்கள் பூசி மெழுகவில்லை. இது எங்கள் பரம்பரை நிலம் என்று ஹைடா மக்கள் சொல்வதையும், இது அரசு நிலம் என்று கனடா சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாக அச்சடித்தார்கள். அப்புறம், இதில் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறோம் என்று எழுதினார்கள். நிர்வாகக் குழுவில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை, தலைவர்களும் இருவர். முடிவுகள் ஒருமித்த கருத்தோடு எடுக்கப்பட வேண்டும், எடுக்க முடியாவிட்டால் அந்த விஷயம் நிறுத்தி வைக்கப்பட்டு, ஹைடா மக்களின் ஆட்சி அமைப்பான ஹைடா தேசிய மன்றமும் கனடா அரசும் நேரடியாகப் பேச வேண்டும். அதாவது ஒரு தரப்பு வாக்கெடுப்பு நடத்தி மறு தரப்பை மீறிப் போக முடியாது. இந்த ஒரு விதி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

இது காகிதத்தோடு நிற்கவில்லை. பழைய ஹைடா கிராமங்கள் இருந்த இடங்களில் கோடைக்காலம் முழுக்க ஹைடா காவலர்கள் தங்குகிறார்கள், பூங்கா வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. படகில் வருபவர்கள் முதலில் ரேடியோவில் அழைத்து அனுமதி கேட்க வேண்டும், ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் கரையேற முடியாது. முன்னோர் செதுக்கி நட்ட, இப்போது சிதைந்துவரும் மரக்கம்பங்களுக்கு நடுவே எங்கே நடக்கலாம் என்பதற்குப் பாதையோரம் கிளிஞ்சல்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துச் சொந்தக்காரர் எதிரே நின்று, இதற்கு மேல் போகாதீர்கள் என்று சொல்வதற்கு இருக்கும் மரியாதை வேறு எந்த அறிவிப்புப் பலகைக்கும் கிடைக்காது.

ஆஸ்திரேலியாவில், உலுரு என்ற பெரும் பாறை இருக்கும் பூங்காவில் ஏற்பாடு வேறு. 1985இல் நிலம் அந்த இடத்துப் பழங்குடிகளான அனாங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது, தந்த கையோடு 99 வருடக் குத்தகைக்கு அரசின் பூங்கா நிர்வாகத்துக்கே போனது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் எட்டுப் பேர் அனாங்கு மக்கள், பெரும்பான்மை அவர்களுக்குத்தான். ஆனால் தங்களுக்குப் புனிதமான அந்தப் பாறையில் ஏற வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தும், ஏறுவதற்குத் தடை வந்தது 2019 அக்டோபரில்தான். முப்பத்துநான்கு வருடம்! இருக்கை எண்ணிக்கை மட்டும் அதிகாரம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? சுற்றுலா வருமானமும் பழக்கமும் அந்த நாற்காலிகளைவிடக் கனமாக இருந்தன என்பது என் கணிப்பு.

பணம் தரும் கூட்டாளி வரும்போது கணக்கு இன்னும் மாறுகிறது. மொசாம்பிக்கின் கோரொங்கோசா உள்நாட்டுப் போரில் பெரிய விலங்குகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இழந்த பூங்கா. 2008இல் அந்த நாட்டு அரசும் ஒரு அமெரிக்க அறக்கட்டளையும் இருபது வருடத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன, பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. விலங்குகள் திரும்பிவிட்டன, சுற்றியுள்ள கிராமங்களில் பள்ளி, மருத்துவ வேலைகளும் நடக்கின்றன, நல்ல விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் வெளியிலிருந்து வரும் பணத்தில் ஓடும் எந்தப் பூங்காவிலும், அந்தப் பணம் நின்றால் காவலர் சம்பளத்தை யார் தருவார்கள் என்ற கேள்விக்கு முதல் வருடத்திலேயே பதில் எழுதி வைக்க வேண்டும். இருபதாவது வருடத்தில் கேட்டால் தாமதம்.

சரி, உங்கள் நாட்டுப் பூங்கா ஒன்றில் இப்படிக் கூட்டு நிர்வாகம் வருகிறது என்றால் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நோக்கங்களைப் பற்றிய அழகான பக்கங்களைத் தாண்டி, தகராறு பற்றிய பகுதிக்கு நேராகப் போங்கள்.