எட்டுப் புள்ளி மூன்று

மே 3
ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண் நன்றாகத்தான் தெரிகிறது. விரல் நுனிதான் மரத்துப்போகிறது.

மே 5
குடியாத்தத்திலிருந்து முதல் பஸ். ஏழு மணிக்கு டோக்கன் வாங்கியும் பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். வேலூரில் லாட்ஜ் வாசலெங்கும் வங்காளப் பேச்சு; அவ்வளவு தூரம் நம்பி வருகிறார்கள், நான் சலித்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சலிப்புத்தான். டாக்டர், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியை ஆபரேஷனில் எடுத்த கழுத்துத் தையலைப் பார்த்தார், அழகாக ஆறியிருக்கிறது என்றார். ரத்தத்தில் கால்சியம் 8.3. "எட்டரைக்கு மேல் இருக்க வேண்டும், கொஞ்சம்தானே குறைவு. மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்." உதட்டைச் சுற்றி ஊர்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன் கால்சியம் 11.8 இருந்தபோதும் மனதுதான் காரணம் என்றார்கள். சிறுநீரகக் கல், முழங்கால் வலி, மறதி எல்லாவற்றுக்கும் வயதைச் சொன்னார்கள்.

மே 6
விடியற்காலையில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. அவர் எழுந்து நீவிவிட்டார். பேசவில்லை. நானும் பேசவில்லை.

மே 9
எதிர்வீட்டு அக்கா கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தார். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டாம், மகள் பார்த்துச் சொன்னாள். குடித்தேன். இந்த வெயிலுக்கு இதமாக இருந்தது. உதடு அப்படியேதான் இருக்கிறது.

மே 10
அரிசி அளவுதான் இந்தப் பாராதைராய்டு சுரப்பி. முதன்முதலில் இதைக் கண்டது காண்டாமிருகத்திலாம்! 1850 வாக்கில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் செத்துப்போன இந்தியக் காண்டாமிருகத்தை ரிச்சர்டு ஓவன் அறுத்துப் பார்த்தபோது. மனிதரிடம் கண்டது 1880-இல், சாண்ட்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு மாணவர். மகள் சொல்லச் சொல்லச் சிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு.

மே 13
தூக்கமில்லை. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். பாவாடை நாடா கோக்கும் பெண்ணைக்கூடத் திட்டிவிட்டேன்.

மே 16
சத்துவாச்சாரியில் ஒரு சின்ன கிளினிக். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சொல்லி அனுப்பியது. டாக்டரம்மா முதலில் என் கையைத்தான் பார்த்தார். எப்போது ஊர்கிறது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, என்னென்ன மாத்திரை, அட்டைகளைக் காட்டுங்கள் என்றார். பையையே கவிழ்த்தேன்.

காதுக்கு முன்னால் விரலால் தட்டினார், உதட்டோரம் துள்ளியது. "சிலருக்குச் சும்மாவே துடிக்கும், இன்னொன்றும் பார்ப்போம்" என்று ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் இறுக்கி மூன்று நிமிடம் விட்டுவைத்தார். கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. மற்ற விரல்கள் குவிந்து விறைத்தன. கால்சியம் குறைந்தால் இப்படித்தானாம். வலித்தது. ஆனால் எனக்குள் ஒரு குதூகலம்: பார், நான் பொய் சொல்லவில்லை!

பிறகு நான் நெஞ்செரிச்சலுக்குப் போடும் காஸ் மாத்திரையைத் தூக்கிக் காட்டி, எத்தனை வருடமாக என்றார். எனக்கே ஞாபகமில்லை. அது நெடுங்காலம் போனால் மக்னீசியத்தைக் குறைக்கும். மக்னீசியம் குறைந்தால் மிச்சமிருக்கும் சுரப்பிகள் சரியாக வேலை செய்யாது. கால்சியம் மாத்திரை கரைய வயிற்று அமிலமும் வேண்டும், அதையும் இது அடக்கிவிடுகிறது. வருடக்கணக்கில் கால்சியத்தைப் பறிகொடுத்த எலும்பு வேறு இப்போது அதை வாரி இழுத்துக்கொள்கிறதாம். மக்னீசியம் யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை.

மே 17
மக்னீசியம் 1.2. கீழ் எல்லை 1.7 என்று அச்சிட்டிருக்கிறது. சந்தோஷப்படலாமா?

மே 19
தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில். கால்சியம் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி, சாப்பாட்டோடு. மக்னீசியம் இரவில். காஸ் மாத்திரை நிறுத்தம். நெஞ்சு எரிகிறது, எரியட்டும்.

மே 22
கல்யாண ரவிக்கைக்கு ஊக்கு தைத்தேன். ஐந்தாவது ஊக்கில் விரல் மரத்தது. முன்பு இரண்டாவதிலேயே மரக்கும். மாலை நான்கு மணிக்கு உதடு மறுபடி ஊர்ந்தது. நாளெல்லாம் நன்றாக இருந்துவிட்டு இது ஏன்?

மே 24
கால்சியம், மக்னீசியம், பி.டி.எச். (அந்தச் சுரப்பியின் ஹார்மோன்) மூன்றுக்கும் ரத்தம் கொடுத்தேன். ரத்தம் எடுக்கும் பையனிடம், பட்டையை ரொம்ப நேரம் இறுக்கி வைக்காதே தம்பி, கால்சியம் கூடுதலாகக் காட்டும் என்றேன். முறைத்தான். அவிழ்த்துவிட்டான். ரிப்போர்ட் மாலை ஐந்துக்கு.