வாட்ச்சின் பிரஷ்டு கோடு அழியாமல் கையால் பாலிஷ்: இதுவரை

செயின் முடிந்துவிட்டது, கேஸ், அதாவது வாட்ச்சின் உலோக உடல், முக்கால்வாசி ஆகியிருக்கிறது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வாட்ச் ஒரு சீகோ 5. கேஸின் மேல்பக்கமும் செயினும் பிரஷ்டு, அதாவது ஒரே திசையில் நெருக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள். பக்கவாட்டில் மட்டும் முகம் தெரிகிற பளபளப்பு. இரண்டும் சந்திக்கும் விளிம்பு கூர்மையாக இருக்கும்வரைதான் வாட்ச்சுக்கு வடிவம். என் அண்ணன் தன்னுடைய வாட்ச்சை மதுரை டவுனுக்குள் ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்தார். பஃபிங் வீல் என்கிற சுழலும் பாலிஷ் சக்கரத்தில் பிடித்து எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரி பளபளக்க வைத்துவிட்டார்கள். கோடு போய், விளிம்பு மழுங்கி, பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. தேய்ந்துபோன உலோகத்தை யாராலும் திரும்ப வைக்க முடியாது. அதைப் பார்த்த பிறகுதான் என் வாட்ச்சை நானே, மெஷின் இல்லாமல் செய்வது என்று முடிவெடுத்தேன்.

தொடங்கும் முன் கேஸ் முழுக்க ஸ்டீல்தானா என்று பார்த்துக்கொள்வது அவசியம். பழைய ஹெச்எம்டி பலவற்றில் கேஸ் பித்தளை, மேலே குரோம் முலாம். பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால் அந்த மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று அர்த்தம். முலாம் பூசிய கேஸில் உப்புத்தாள் பட்டால் முலாம் உரிந்து மஞ்சள் தெரியும். தங்க முலாம், கறுப்புப் பூச்சு உள்ளவையும் இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்தது கழுவுவது. நம்ம ஊர் வெயிலில் வாட்ச் கட்டினால் வியர்வையும் தூசியும் சேர்ந்து செயின் கண்ணிகளுக்கு நடுவே கறுப்பாகப் படியும். வாட்ச்சுக்கு அதிகம் பயன்படும் 316எல் ரக ஸ்டீலில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, வியர்வை உப்பை அது ஓரளவு தாங்கும். ஆனாலும் அழுக்கு அடைந்த இடுக்கில் அரிப்பு வரத்தான் செய்யும். செயினை மட்டும் கழற்றி, பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். கீறல் என்று நான் நினைத்திருந்ததில் நிறைய வெறும் அழுக்கு. கேஸுக்கு ஈரத்துணி மட்டும்தான். தண்ணீர் புகாமல் தடுக்கும் வாஷர் பழசு, அதை நம்பித் தண்ணீரில் போடக்கூடாது.

பாலிஷ் கட்டிக்காகத் தெற்காவணி மூல வீதிப் பக்கம் போனேன். நகைக்கடைகள் இருக்கும் இடத்தில் பட்டறைச் சாமானும் கிடைக்கும். தங்கத்துக்குப் போடுகிற சிவப்புக் கட்டி இரும்பு ஆக்சைடு, ஸ்டீலுக்கு அது போதாது. குரோமியம் ஆக்சைடு உள்ள பச்சைக் கட்டிதான் வேண்டும். அதோடு 600, 800 நம்பர் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள், மாஸ்கிங் டேப், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், பெயிண்ட் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற நார். இரும்பு நாரை மட்டும் தொடாதீர்கள். அதன் துகள் ஸ்டீலில் ஒட்டிக்கொண்டு பிறகு துருப்புள்ளியாக வரும்.

முதலில் ஒரு பழைய டிபன் பாக்ஸ் மூடியில் பழகினேன். பச்சை நாரின் கோடு கொஞ்சம் முரடு, சாம்பல் நாரின் கோடு மென்மை. என் செயினில் சட்டைக் கைக்குள் மறைந்து உரசாமலே இருந்த கண்ணிகள் சில உண்டு. அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில், பச்சையில் இழுத்து அதன்மேல் சாம்பலை லேசாக ஓட்டினால் கம்பெனிக் கோட்டுக்குக் கிட்டத்தட்ட அதேபோல் வந்தது.

இந்த வேலையின் உயிரே இழுப்பதில்தான் இருக்கிறது. முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் திரும்புகிற இடத்தில் கோடு வளையும், வெளிச்சத்தில் அது தனியாகத் தெரியும். செயினை ஒரு பலகையில் நீளவாக்கில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் மர ஸ்கேலை அணைவாக வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை தாண்டும்வரை ஒரே இழுப்பு. நாரைத் தூக்கி, மறுபடி ஆரம்பத்திலிருந்து. அழுத்தம் வேண்டாம், நாரின் எடையோடு விரலின் எடை போதும். மேசையில் உரசி உரசி செயினின் லாக்கில் விழுந்த கீறல்களுக்கு மட்டும் 600 தாளைத் தட்டையான ரப்பரில் சுற்றி இழுத்தேன், பிறகு 800, பிறகு நார். லாக்கின் ஓரத்தில் ஆழமான வெட்டு ஒன்று இருக்கிறது. அது போகும்வரை தேய்த்தால் அந்த ஓரமே மெலிந்துவிடும், அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

கேஸில் வரிசை முக்கியம். பளபளப்புப் பக்கத்தை முதலில் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் பாலிஷ் துணி எப்படியும் விளிம்பைத் தாண்டி மேலே கொஞ்சம் வழியும். அந்த வழிசலைப் பிறகு போடும் கோடு சரிசெய்துவிடும். பச்சைக் கட்டியைக் கெட்டியான பருத்தித் துணியில் தேய்த்து, துணியை ஒரு மரக்குச்சியில் இறுக்கிச் சுற்றிப் பக்கவாட்டை முடித்தேன். விரலால் தேய்த்தால் விளிம்பு உருளும், குச்சியின் தட்டை அதைக் காக்கும். அப்புறம் பக்கவாட்டு, கிரவுன் என்கிற திருகு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் இரண்டு சுற்று டேப். நாரில் இருக்கும் தேய்ப்புத் துகள் கண்ணாடியைவிடக் கடினம், ஒரு தடவை பட்டாலே கீறிவிடும்.

வார் மாட்டும் நான்கு கால்களில் மூன்று முடிந்திருக்கிறது. மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் கோடு நேராக ஓடி விளிம்பில் சட்டென்று நிற்கிறது. டேப்பை உரித்து அதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நான்காவது கால் இந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு கண்ணாடியைச் சுற்றிய வளையம், அதில் கோடு வட்டமாக ஓடுகிறது. அங்கே நார் அசையாமல் நிற்க, வாட்ச் சுற்ற வேண்டும். கேக் அலங்கரிக்கிற சுழல் தட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன், நடு மையம் பிடிப்பதுதான் சிரமம். எவர்சில்வர் டம்ளரின் அடியில் வட்டம் பிசகாமல் விழட்டும், அப்புறம் வாட்ச்சை ஏற்றலாம்.