குரோமியத்தைத் திட்டும்போது உப்பையும் கொஞ்சம் திட்டுங்கள்

தோல் பதனிடும் கழிவு என்றாலே எல்லோர் வாயிலும் முதலில் வருவது, தோலைப் பதனிடப் போடும் குரோமியம்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். உட்கார்ந்து படிக்கப் படிக்கத்தான், அடுப்படியில் கிடக்கும் உப்பு அதைவிடப் பெரிய தலைவலி என்று புரிந்தது.

உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பித்துவிடும். அதனால் தோலின் எடையில் கிட்டத்தட்ட பாதி அளவுக்கு உப்பைத் தடவித்தான் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே முதல் வேலையே ஊறவைப்பது, உப்பில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். குரோமியத்தையாவது கழிவுநீரில் சுண்ணாம்பு கலந்து படியவைத்துப் பிரிக்கலாம். உப்பு படியவும் படியாது, நுண்ணுயிரிகளும் அதைத் தின்னாது, வழக்கமான சுத்திகரிப்பில் உள்ளே போனது அப்படியே வெளியே வரும், அப்புறம் கிணற்றுக்கும் வயலுக்கும். ஆர்.ஓ. வைத்து வடிகட்டலாம்தான். ஆனால் மிஞ்சுகிற உப்புநீரைக் கரண்ட் செலவழித்து வற்றவைத்தால் கடைசியில் ஒரு உப்பு மலை நிற்கும். அதை எங்கே கொட்டுவது?

சரி, குரோமியம் நல்ல பிள்ளையா என்றால் அதுவும் இல்லை. போடுகிற குரோமியம் உப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும், மீதி கழிவுநீருக்கு. தொழிற்சாலையில் போடுவது ஆபத்து குறைந்த குரோமியம்-3 தான். கசடையும் தோல் துண்டுகளையும் எரித்தால் அதுவே புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம்-6 ஆக மாறக்கூடும். பதனிட்ட தோலிலேயும் குரோமியம்-6 உருவாகலாம், உடம்பில் பட்டால் ஒவ்வாமை வரும். அதனால்தான் உடம்பில் படும் தோல் பொருட்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம்-6 இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் விதி கொண்டுவந்தது.

முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு இன்னொரு வில்லன். அந்தக் கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. தொட்டி கழுவ இறங்குகிறவர்கள் செத்துப்போவது இப்படித்தான்.

'இயற்கைப் பதனிடல்' என்று மரப்பட்டை, கடுக்காய் பேரைச் சொல்லி விற்கும்போது எனக்கு எரிச்சல் வரும். குரோமியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்பும் சல்பைடும் பெரும்பாலும் அங்கேயும் உண்டு, போதாததற்கு லேசில் மட்காத டானின் என்ற துவர்ப்புப் பொருள் வேறு.

உப்பே போடாமல், உரித்த தோலைக் குளிர வைத்து ஓரிரு நாளில் பதனிட ஆரம்பித்துவிடலாம். அதற்கு அறுக்கும் இடமும் பதனிடும் இடமும் பக்கத்தில் இருக்க வேண்டும். பல நேரம் தோல் கடல் தாண்டி அல்லவா வருகிறது.