ரெகுலேட்டரைக் கழற்றுவதற்கு முன் தேடிய கையேடு

மதுரையில் இருந்துகொண்டு ஸ்கூபா பழகுகிறவனுக்கு ராமேஸ்வரம் கடல் ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சு வாங்கத் தரும் ரெகுலேட்டரைப் பழுது பார்ப்பவரோ அதைவிடத் தொலைவில் இருக்கிறார். சென்ற ஆண்டு மண்டபம் பக்கம் மூழ்கிவிட்டு வந்தபின், அதன் வாயில் வைக்கும் பகுதியான இரண்டாம் நிலையிலிருந்து காற்று மெல்லச் சீறத் தொடங்கியது. மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று தரும் ஹோஸில் பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தேன். முள் 9.5 பாரில் நிற்காமல் ஊர்ந்து ஊர்ந்து, ஐந்தே நிமிடத்தில் 11-ஐத் தாண்டியது. சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தைக் குறைத்து நிறுத்த வேண்டிய முதல் நிலையில், வால்வை அடைக்கும் சீட் சரியாக மூடாதபோது, மிகுதி அழுத்தம் இரண்டாம் நிலையைத் தள்ளித் திறந்துவிடும் என்பதால், பழுது எங்கே என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சர்வீஸ் மேனுவல் கேட்டுத் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினேன். பயிற்சி பெற்ற டெக்னீஷியன்களுக்கு மட்டுமே தருவோம் என்று பதில் வந்தது. நீருக்கடியில் உயிர் காக்கும் கருவி என்பதால் அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆயினும் தன் கருவியைத் தானே அறிந்துகொள்ள விரும்புகிறவனுக்குக் கதவை முழுவதும் சாத்திவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்டியோடு வந்த பயனர் கையேட்டில் நன்னீரில் அலசுவது எப்படி என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. இணையத்தில் மாடல் பெயரைத் தேடியதும் கிடைத்த முதல் மேனுவலில், பாகங்களைப் பிரித்துக் காட்டும் விரிபடத்தில் பிஸ்டன் இருந்தது. என்னுடையதோ பிஸ்டனுக்குப் பதிலாக வளையும் சவ்வு கொண்ட டயாஃப்ரம் வகை. ஒரே பெயரை வெவ்வேறு அமைப்புகளுக்கு வைத்திருக்கிறார்கள். அடுத்து கிடைத்தது சரியான அமைப்புதான், ஆனால் பழைய பதிப்பு. அதில் சீட்டின் வடிவமே வேறு. பெயரை விட்டுவிட்டு, மாற்றுப் பாகங்கள் அடங்கிய சர்வீஸ் கிட்டின் பாக எண்ணைக் கொண்டு தேடிய பிறகுதான் உரிய மேனுவல் கையில் சிக்கியது. இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் மூன்று வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

அந்த மேனுவலின் உண்மையான பயன் படங்களில் இல்லை, எண்களில் இருக்கிறது: முதல் நிலையிலிருந்து வெளிவரும் இடை அழுத்தத்தின் எல்லை, ஒவ்வொரு மூடியையும் இறுக்க வேண்டிய டார்க் (திருகுவிசை), கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளின் அளவு. சிம்மக்கல் பக்கம் ஒரு சீல் கடையில், மேனுவலில் 1.78 மில்லிமீட்டர் தடிமன் என்றிருந்த ஓ-ரிங்குக்குப் பதிலாக 2 மில்லிமீட்டர் வளையத்தை எடுத்துக் கொடுத்து, "இது போதும் சார், அமுங்கி உட்கார்ந்துக்கும்" என்றார்கள். வெர்னியரால் அளந்து பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்பினேன். சீட்டுக்கும் சேர்த்து முழுக் கிட்டையே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன்.

பழைய ஓ-ரிங்கை எடுக்க இரும்பு ஊசியைத் தொடவே இல்லை. பள்ளத்தில் விழும் ஒரு கீறல் போதும், புது வளையமும் கசியும். பித்தளைக் கொக்கியால் நெம்பினேன். பச்சை படிந்த பாகங்களை, பாதி வினிகரும் பாதி தண்ணீருமாகக் கலந்ததில் சிறிது நேரம் ஊறவைத்து அலசினேன்.

பூட்டி முடித்து, ஸ்பிரிங் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பியபோது முள் 9.6 பாரில் நின்றது. அரை மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், அசையவில்லை. மறுநாள் மேலூர் பக்கம் உறவினர் கிணற்றில், தம்பி படியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மார்பளவு நீரில் உட்கார்ந்து இருபது நிமிடம் அதிலேயே மூச்சு வாங்கிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கேஜை மீண்டும் மாட்டினேன். அதே 9.6. மேனுவலின் ஓரத்தில் தேதியோடு அதைப் பென்சிலால் எழுதி வைத்தேன்.