200-ஆம் நம்பரில் நின்றுபோன பல்லாவரத்துக் கல்

மூன்று வாரமாக மெருகேற்றப் போராடிய கல்லின் ஒரு முகம் நேற்று மாலை தேறிவிட்டது. காய்ந்த கல்லில் டியூப் லைட்டின் கோடு எங்கேயும் உடையாமல் தெரிகிறது. ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பழைய வீடு இடித்த இடத்தில் அஸ்திவாரத்திலிருந்து வந்த கல் இது. ஒன்றேகால் அடி நீளம், 28 கிலோ. பல்லாவரம் மலைக் கல், அதாவது சார்னோகைட். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல்தான்; அதை வைத்தே 1893-இல் புவியியலாளர் ஹாலண்ட் இதற்குப் பெயர் சூட்டினார். காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறம். தண்ணீர் பட்டால் எண்ணெய் தடவியதுபோல ஒரு கரும்பச்சை எழும்பும். அந்தப் பச்சை தண்ணீர் இல்லாமலே நிற்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு.

மெருகேற்ற வைரத்துகள் பதித்த வட்டப் பேடுகளை நம்பர் வரிசையில் மாற்றிக்கொண்டே போக வேண்டும்; நம்பர் ஏற ஏறத் துகள் நைசாகும். கப் வீல் என்ற கிண்ண வடிவ அரைப்புச் சக்கரம் போட்டு மேடு தட்டியது, 50, 100 எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. பேடைத் தண்ணீரோடு சுழற்றும் வெட் பாலிஷரை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஏற்றவில்லை. மாட்டிக்கொண்டது 200-இல். முதல் தடவை 3000 வரை போய்விட்டேன். ஈரத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. காலையில் காய்ந்ததும் பார்த்தால், நகத்தால் அழுத்தியதுபோலப் பிறை பிறையாக வெள்ளைக் கீறல்கள். எல்லாம் 100 போட்ட தடம். அதன் மேலேயே மெருகேற்றியிருக்கிறேன். திரும்ப 100. இரண்டாவது தடவையும் அதே கதை.

கல்லறைப் பலகை செய்யும் பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, ஈரக்கல்லைப் பார்த்து நம்பர் மாத்தாதீங்க. தண்ணி கீறலை மூடிடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதுவே போதுமாக இருந்தது.

இப்போது ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் கல்லைத் துடைத்து, ஹேர் டிரையரால் நன்றாகக் காயவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கல்லோடு படுக்கவைத்துப் பார்க்கிறேன். சாய்ந்த வெளிச்சத்தில் மிச்சக் கீறல் ஒவ்வொன்றும் நூல் மாதிரி எழுந்து நிற்கும். இன்னொன்று, 100-ஐ இடவலமாக ஓட்டினால் 200-ஐ மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் அது பழைய நம்பருடையது என்று உடனே பிடிபட்டுவிடும். சாப்பாட்டுத் தட்டு அளவு முகத்துக்கு 200-இல் மட்டும் 50 நிமிடம் ஆனது. 400-க்குக் கால் மணி நேரம்தான். 200-ஐ ஒழுங்காக முடித்தால் மேலே உள்ளவை தானாகவே ஓடுகின்றன.

பேடைச் சாய்த்தால் விளிம்பு கடித்துவிடும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேடை ஒட்டும் வெல்க்ரோவில் ஒளிந்திருந்த, பழைய நம்பரின் ஒரே ஒரு துகள் 1500-இல் நீளமாகக் கிழித்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இனி கழுவுவதற்கு ஒவ்வொரு நம்பருக்கும் தனி வாளி, தனி பிரஷ்.

ஆன்லைனில் வாங்கிய முதல் செட்டில் இரண்டு பேட் வெல்க்ரோ விட்டு உரிந்து வந்துவிட்டன. பணம் திரும்பவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அப்புறம் பாரிமுனைப் பக்கம் போய், கையில் வளைத்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்கினேன். கல்லின் முகம் வளைந்திருந்தால், பேடைத் தாங்கும் பேக்கர் ஸ்பாஞ்ச் வைத்ததாக இருப்பதுதான் சரி.

ஈரத்தில் மின்சாரக் கருவி பிடிப்பதால் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைத் தனியாகப் போட்டிருக்கிறேன். சிலிகா தூசுக்குப் பயந்து, தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டுவதில்லை. சேற்றைத் தொட்டியில் தெளியவிட்டு அள்ளிவிடுகிறேன். பாத்ரூம் குழாயில் விட்டால் அடியில் கெட்டிப்பட்டு அடைத்துவிடும்.

காங்கேயத்திலிருந்து வாங்கி வந்த பெரிய வெள்ளைக் குவார்ட்ஸ் ஒன்று மாடியில் காத்திருக்கிறது. இதைவிடக் கடினம், உள்ளே விரிசலும் இருக்கிறது. கப் வீல் இல்லாமலே 50-இல் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் இந்தக் கல்லின் பின்முகம் பாக்கி. 100 முடிந்து, மூலையில் காய்ந்துகொண்டிருக்கிறது. இருட்டியதும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.