அபோ-பி ரிப்போர்ட்: லேப் வரம்பை நம்பி மடித்து வைக்காதீர்கள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அபோலிப்போபுரோட்டீன் பி (சுருக்கமாக அபோ-பி, கெட்ட கொழுப்புத் துகள்களில் இருக்கும் புரதம்) என்ற வரிக்கு எதிரே 118 என்று இருக்கிறது. லேப் அச்சிட்டிருக்கும் வரம்பு 130 வரை. தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. நார்மல் என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. லேப் வரம்பு பொதுவாக மக்களிடம் எவ்வளவு காணப்படுகிறது என்பதைச் சொல்கிறது. உங்களுக்கு எவ்வளவு இருக்கலாம் என்பது உங்கள் இதயநோய் ஆபத்தைப் பொறுத்தது.

2019-இல் வந்த ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல் இதை மூன்றாகப் பிரிக்கிறது. ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 65-க்குக் கீழ், அதிக ஆபத்துக்கு 80-க்குக் கீழ், நடுத்தர ஆபத்துக்கு 100-க்குக் கீழ். எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. 2018 அமெரிக்க வழிகாட்டுதலோ 130-ஐத் தொட்டாலே ஆபத்தைக் கூட்டும் காரணி என்கிறது. அதே 118, மாரடைப்பு வந்தவருக்கு ரொம்பவே அதிகம். சில லேப்கள் லிட்டருக்கு கிராம் கணக்கில் தருவார்கள், 1.18 என்றிருந்தால் நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் எண் இருக்கும்போது இது எதற்கு? எல்டிஎல், விஎல்டிஎல், ஐடிஎல், லிப்போபுரோட்டீன் ஏ ஆகிய, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்கள்தான் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து கொழுப்பைப் படியவிடுகின்றன. இவற்றில் துகளுக்கு ஒரு அபோ-பி மூலக்கூறு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே அபோ-பி அளவைப் பார்த்தால் துகள்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும். எல்டிஎல் கொலஸ்ட்ரால் என்பது துகள்களுக்குள் இருக்கும் சரக்கின் எடை. சரக்கு குறைவான சிறிய துகள்கள் நிறைய இருந்தால் எல்டிஎல் எண் சாதுவாகவே தெரியும்.

ஒரு கணக்கு: மொத்தக் கொலஸ்ட்ரால் 190, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 35, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240. பல லேப்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். 190 − 35 − 48 = 107. பரவாயில்லை என்று தோன்றும். இதே ஆளுக்கு அபோ-பி 122 வந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். சர்க்கரை நோய், தொப்பை, இன்சுலின் எதிர்ப்பு, உயர்ந்த ட்ரைகிளிசரைடு உள்ளவர்களிடம் இந்த முரண் அடிக்கடி வரும். எல்டிஎல் சற்றுக் கூடுதலாகவும் அபோ-பி குறைவாகவும் வருவதும் உண்டு. அப்போது துகள்கள் பெரியவை, எண்ணிக்கை குறைவு.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாத்திரை எல்டிஎல்லைக் குறைக்கும் சதவீதத்துக்கு அபோ-பியைக் குறைப்பதில்லை. அதிக ஆபத்துள்ள ஒருவருக்கு எல்டிஎல் இலக்கைத் தொட்டுவிட்டது, அபோ-பி இன்னும் 90 என்றால் சிகிச்சையில் பாக்கி இருக்கிறது. மாத்திரையை நீங்களாகக் கூட்டாமல் ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போங்கள்.

இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. கூடவே ட்ரைகிளிசரைடும் பார்ப்பதாக இருந்தால் மட்டும் லேப் சொல்வதைக் கேளுங்கள். காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு ஆகியவற்றை ஒட்டி எடுத்தால் எண் பொய்யாகக் குறைந்து வரலாம். கர்ப்பம், தைராய்டு குறைபாடு, சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய் ஆகியவை கூட்டிக் காட்டும். தைராய்டைச் சரிசெய்தாலே சிலருக்கு இறங்கிவிடும்.

ரிப்போர்ட்டில் அபோ-ஏ1 என்றும் ஒரு வரி இருக்கும். அது எச்டிஎல்லைச் சேர்ந்த புரதம். லிப்போபுரோட்டீன் ஏ வேறு. பரம்பரையாக வருவது, தனியாக ஒருமுறை பார்க்க வேண்டியது. அதன் துகள்கள் அபோ-பி எண்ணுக்குள் அடங்கினாலும் மொத்தத்தில் சிறு பங்குதான் என்பதால், அபோ-பி நன்றாக இருப்பதை வைத்து அதுவும் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் சேர்ந்து எகிறியிருக்க, அபோ-பி மட்டும் குறைவாக இருந்தால் நிம்மதிப்படாதீர்கள். ரெம்னன்ட் எனப்படும், கொழுப்பின் ஒரு பகுதியை இறக்கிவிட்டு மிஞ்சிய துகள்கள் ரத்தத்தில் தேங்கும் ஓர் அரிய பரம்பரைக் கோளாறில் இப்படி வரும். லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) நிபுணர் பார்க்க வேண்டிய ரிப்போர்ட் அது.

மருந்து தொடங்கினாலோ அளவு மாற்றினாலோ 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி எடுங்கள், முடிந்தவரை அதே லேபில். 84 போய் 87 வந்தால் பதற வேண்டாம். அவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பு.