தாய்வீடு வராத வளைகாப்பு

சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தவர்களுக்கு, இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸைத் தெரியாமல் இருக்காது. நம் கல்லூரி 1914இல் தொடங்கியது. அதே கடற்கரைச் சாலையில் சற்றுத் தள்ளியிருக்கும் அந்தக் கட்டடத்தில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். சிறு வயதிலேயே கணவனை இழந்தவர், 1911இல் பட்டம் பெற்றவர். ஊரே அவரைச் ‘சகோதரி’ என்றுதான் அழைத்தது.

நம் கல்லூரி விடுதியிலும் பக்கத்து அறைக்காரி ஒரே வாரத்தில் அக்கா ஆகிவிடுவாள். அந்த அக்காவுக்கு உண்மையில் வேலை வருவது பல வருஷம் கழித்து, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒருத்தி முழுகாமல் இருக்கும்போது. வளைகாப்பு தாய்வீட்டுப் பொறுப்பு. தாய்வீடு கதவைச் சாத்திக்கொண்டால் வளையல், சோறு, சீர் எல்லாம் தோழிகள் தலையில். இதைப் பல முறை செய்து பழகிய குழுக்கள் சென்னையில் இருக்கின்றன. அவர்களுக்குத் தெரிந்தது இது.

ஏழாம் மாதமே நல்லது. ஒன்பதாம் மாதத்தில் மணையில் உட்கார்ந்து எழுவதே பாடு.

வளையலில்தான் அதிகம் தவறுகிறது. 2.4, 2.6, 2.8, 2.10 என்ற அளவுகளில் புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 2.10 என்பது 2.8ஐவிடப் பெரியது. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவளும் இதைத் தசமமாகப் படித்து ஏமாறுவாள். உண்டாகியிருப்பவளுடைய பழைய வளையல் ஒன்றை வாங்கி உள்விட்டத்தை அளந்து பாருங்கள்: 60 மி.மீ. என்றால் 2.6, 63 அல்லது 64 என்றால் 2.8. ஏழாம் மாதத்தில் கை வீங்கும் என்பதால் ஒரு அளவு கூட்டி வாங்க வேண்டும். அவளுக்கு இரண்டு டஜன் தேவையென்றால் மூன்று வாங்குங்கள், உடையும். வருகிறவர்களுக்குத் தர 2.6ஐ அதிகமாகவும் 2.4, 2.8 இரண்டையும் கொஞ்சமாகவும் எடுத்தால் போதும். மயிலை மாட வீதியிலோ பாண்டி பஜாரிலோ கிடைக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் சௌகார்பேட்டை.

முதலில் வேப்பிலைக் காப்பு. கொழுந்துக் குச்சியைக் காலையில் பறித்து வளைத்து மஞ்சள் நூலால் கட்ட வேண்டும். முற்றிய குச்சி ஒடிந்துவிடும். கண்ணாடி வளையலுக்குக் கையில் நல்லெண்ணெய் தடவி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லுங்கள். உடைவது எப்போதும் கட்டைவிரல் அடி மூட்டில். ஒன்று உடைந்தாலே கூடத்தில் பெருமூச்சு கேட்கும். அதனால் கை பழகிய வளையல்காரரைக் கூப்பிடுவது நல்லது.

யார் முதலில் போடுவது என்று மாமியார் வீட்டார் கேட்பார்கள். வழக்கம் சுமங்கலியைத்தான் சொல்கிறது. தோழிகளில் ஒருத்தி கணவனை இழந்தவளாக இருந்தால் அவளைப் பின்வரிசையில் உட்கார வைப்பதா? நல்ல குழுக்கள் அவள் கையாலேயே தொடங்குகின்றன. முதல்நாளே இதைப் பேசி முடிவு செய்யாவிட்டால் மணைக்கு முன்னால் தகராறு வரும்.

சோறு ஐந்து வகை: சர்க்கரைப் பொங்கல், புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர். இருபத்தைந்து பேருக்கு எல்லாம் சேர்த்து மூன்று கிலோ அரிசி தாராளம். ஒரே வீட்டில் ஐந்தையும் செய்ய முயலாதீர்கள், வீட்டுக்கு ஒன்றாகப் பிரியுங்கள். புளிக்காய்ச்சலை முதல்நாளே செய்யலாம். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும், கொதித்தால் கசக்கும். தயிர் சாதத்தில் பால் அதிகம், தயிர் கொஞ்சம், இல்லையேல் மதியத்துக்குள் புளித்துவிடும். தேங்காய் சாதம் சீக்கிரம் ஊசிப்போகும், அதைக் கடைசியாகக் கிளறுங்கள்.

பணத்துக்குப் பன்னிரண்டு பேர் மாதம் ஆயிரம் ரூபாய் போடும் குலுக்கல் சீட்டு போதும். ஒரு மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம். உண்டாகியிருப்பவளுக்குக் குலுக்காமலே முறை வந்துவிடும், மீதி மாதங்களின் தவணையை அவளும் கட்டுவாள். சீட்டு முறிவது முதலில் எடுத்தவள் கட்டாமல் நழுவும்போதுதான். ஒரே நோட்டு, ஒரே ஆள் கணக்கு. வெளிநாட்டில் இருப்பவர் வருஷத் தொகையை ஒரே தடவையில் அனுப்பினால் வங்கிக் கட்டணம் மிச்சமாகும்.

வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். அதற்குப் பதிலாக ஒரு தோழி வீட்டில் மூன்று நாள். அங்கே அவள் எழுந்து காபி போடக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

பிள்ளை பிறந்த பிறகு யார் எப்போது உதவிக்கு வருவது என்ற முறைப்பட்டியலை எழுதாமல் விடாதீர்கள். முதல் வாரம் பத்துப் பேர் வந்து நிற்பார்கள், பால் பொங்கும் அடுப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்றாம் வாரம் கணவன் வேலைக்குத் திரும்பியிருப்பான், ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், குழந்தை இரவெல்லாம் அழும். லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வருகிறவர்கள் டிக்கெட்டை வளைகாப்புக்குப் போடாமல் அந்த வாரத்துக்குப் போடுங்கள்.